காஞ்சொறி: உணவும் மருந்தும்

பெங்களூர் ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இவர்களுடைய அடுக்களையில் தமிழ்நாட்டுக் கீரை மசியலும் கன்னட நாட்டு மஸ்ஸொப்பும் ராகிக் களியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அண்மைக் காலத்தில் இந்த அடுக்களையின் வாயிலில் புதியதொரு பொருள் வந்து நிற்கிறது. இமயமலைச் சாரலில் பறித்து உலர்த்திய காஞ்சொறி இலை, தேயிலையைப் போலப் பொட்டலமாகக் கட்டப்பட்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வருகிறது. அது இரத்தசோகையைப் போக்கும், எலும்பை வலுவாக்கும், நீரிழிவைக் குணப்படுத்தும் என்றெல்லாம் சொல்லப்படுகிறது.

‘காஞ்சொறிதானே, நம் ஊர் வேலியில் வேண்டிய மட்டும் கிடக்கிறதே, அதைப் பறித்துச் சமைத்தால் என்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. இக்கேள்விக்கு விடை கூற வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் சுகாதார ஊழியரையும் பள்ளி ஆசிரியரையுமே சேர்கிறது. நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இக்குறை உண்டு. ஆகவே இவ்விடை விளையாட்டாகக் கூறத்தக்கது அன்று. காஞ்சொறி என்பது எது, அதில் உள்ள சத்துகள் யாவை, அது எந்த நோய்க்கு மருந்தாகும், எதற்கு ஆகாது என்பவற்றை ஒழுங்காக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பெயர் ஒன்று, செடிகள் பல

தொட்டால் அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும் செடிகள் பலவற்றையும் மக்கள் ஒரே பெயரால் அழைத்து வந்திருக்கின்றனர். தமிழில் காஞ்சொறி என்பதிலும் மலையாளத்தில் சொறியணம் என்பதிலும் ‘சொறி’ என்னும் சொல் அமைந்திருத்தலைக் காணலாம். வடமொழியில் ‘விருச்சிகாலி’ என்றும், இந்தியில் ‘பிச்சு பூட்டி’ என்றும் தேளின் பெயரால் இவை வழங்குகின்றன. ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதால் செடியும் ஒன்றாகிவிடாது. இங்கு முக்கியமாக அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, ஐரோப்பாவிலும் இமயமலைப் பகுதியிலும் வளரும் காஞ்சொறி. இதற்கு உர்ட்டிகா டயோயிகா என்று 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்டார். உர்ட்டிகா என்பது ‘எரித்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டயோயிகா என்பதற்கு ‘இரு வீடு உடையது’ என்பது பொருள். ஆண் பூக்களும் பெண் பூக்களும் பெரும்பாலும் தனித்தனிச் செடிகளில் பூப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இது நிமிர்ந்து வளரும் பல்லாண்டுச் செடி. இலைகள் தண்டில் எதிரெதிராக அமைந்திருக்கும். இலையின் ஓரம் இரம்பப் பல் போன்றது. நிலத்தடியில் மஞ்சள் நிறக் கிழங்குத் தண்டு படர்ந்து செல்லும். குளிர்ந்த, ஈரமான, உரம் மிகுந்த நிலமே இதற்கு ஏற்றது. பெங்களூரைச் சுற்றியுள்ள தக்காண மேட்டு நிலத்தில் இது தானாக வளர்வதில்லை.

இரண்டாவது, நீலகிரிக் காஞ்சொறி எனப்படும் கிரார்டினியா. இதுவும் முன்னதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. நீலகிரி, பழனி, குடகு முதலிய மலைகளின் சோலைகளிலும் ஓடைக் கரைகளிலும் ஆள் உயரத்துக்கு மேலும் ஓங்கி வளரும். இலைகள் மாறி மாறி அமைந்தவை. அகன்று, பல மடல்களாகப் பிளந்தவை. தண்டிலும் இலையிலும் நீண்ட சுணைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, நம் வேலிகளிலும் புதர்களிலும் சுற்றிப் படரும் மெல்லிய கொடி. சிறுகாஞ்சொறி, செந்தொட்டி என்னும் பெயர்கள் இதற்கு உரியவை. தாவர நூலார் இதனை டிராகியா என்பர். மலையாளத்தில் கொடித்தூவை எனப்படுகிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூலில் இது ‘சொறியணம்’ என்ற பெயருடன் படமாக வரையப்பட்டுள்ளது. இது முன் கூறிய இரண்டிற்கும் உறவு இல்லாத செடி. ஆமணக்கும் மரவள்ளியும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பமே இதற்கும். காய் மூன்று பிளவாக, மிகச் சிறிய ஆமணக்கங்காய் போல் இருத்தலை உற்று நோக்கின் உறவு விளங்கும்.

ஆகவே, ‘நம் வேலியில் கிடப்பதும் அதுதானே’ என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஐரோப்பிய நூல்களிலும் பொட்டலங்களின் மேலும் அச்சிடப்பட்டுள்ள சத்துக் கணக்குகள் யாவும் முதலாவது செடிக்கு உரியவை. அவற்றை வேலிக் கொடிக்குப் பொருத்திச் சொல்லுதல், பசலையின் சத்தைப் படித்துவிட்டு ஆமணக்கிலையைப் பரிமாறுவதற்கு ஒப்பாகும்.

சுணை செயற்படும் விதம்

காஞ்சொறியின் சுணையை உருப்பெருக்கியின் வழியே கண்டு விவரித்தவர்களுள் முற்பட்டவர் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1665ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலில் அவர் இதனைப் பற்றி எழுதியுள்ளார். ஒவ்வொரு சுணையும் உள்ளே துளையுள்ள ஓர் ஊசி. அடியில் சாறு நிறைந்த பை போன்ற பகுதி உண்டு. நுனியில் மிகச் சிறிய குமிழ் இருக்கும். சுணையின் மேற்பகுதி, மணலில் உள்ள சிலிக்காப் பொருளால் இறுகியிருப்பதால், கண்ணாடியைப் போல் எளிதில் உடையும். உடலில் பட்டவுடன் குமிழ் சாய்வாக முறிந்து, கூரிய முனை தோலில் புகுகிறது. பை அழுந்தி, சாறு தோலினுள் செலுத்தப்படுகிறது. மருத்துவர் ஊசி போடும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

எறும்பின் கடியில் உள்ள ஃபார்மிக் அமிலமே இவ்வெரிச்சலுக்கும் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பள்ளிப் பாடங்களில் இன்னும் அவ்வாறே காணப்படுவதும் உண்டு. ஆனால் அந்த அமிலம் சுணையில் மிகச் சிறிதளவே இருக்கிறது. 1947ஆம் ஆண்டில் எம்மெலின், ஃபெல்ட்பெர்க் என்னும் இருவர் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகிய இரு பொருள்கள் சுணைச் சாற்றில் இருப்பதை எடுத்துக் காட்டினர். 1956இல் காலியர், செஷர் என்போர் செரட்டோனின் என்னும் மூன்றாவது பொருளையும் கண்டனர். இவற்றுள் ஹிஸ்டமின், ஒவ்வாமையின்போது நம் உடலே வெளியிடும் பொருளாகும்; தோல் சிவந்து தடிப்பதற்கு அதுவே காரணம். எரிச்சல் சில மணி நேரம் நீடிப்பது ஏன் என்பதை இவை முழுதும் விளக்கவில்லை. தைவான் நாட்டில் வளரும் காஞ்சொறி வகையொன்றை ஆராய்ந்தவர்கள், நீடித்த வலிக்கு ஆக்சாலிக் அமிலமும் டார்ட்டாரிக் அமிலமும் முக்கியக் காரணங்கள் என்று 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வேலிக் காஞ்சொறியின் சுணை வேறு விதமாக அமைந்தது. அதன் நுனியில் இருப்பது கண்ணாடிக் குமிழ் அன்று. கால்சியம் ஆக்சலேட் என்னும் பொருளால் ஆன கூரிய படிகமே. இப்படிகம் தோலைக் கீறி, சாறு உட்புக வழி செய்கிறது. உறவில்லாத இரு குடும்பங்கள், ஆடுமாடுகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள, இரு வேறு பொருள்களால் ஒரே வகைக் கருவியை ஆக்கிக்கொண்டுள்ளன. இயற்கைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அஞ்சத்தக்க உறவினன்

இக்குடும்பத்தில் மிகக் கொடியவற்றுள் ஒன்று ஆனைச்சொறியணம் எனப்படும் சிறு மரம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வடகிழக்கு இந்தியாவிலும் இது வளர்கிறது. புதுச்சேரியில் தாவரத் தோட்டத்தை மேற்பார்த்து வந்த லெஷெனோ என்னும் பிரெஞ்சு இயற்கை நூலார், கல்கத்தா தாவரத் தோட்டத்தைக் காணச் சென்றபோது இதன் இலை அவர் கையில் பட்டது. முதலில் வலி சிறிதாகவே இருந்தது. சிறிது நேரத்தில் அது பெருகியது. தாடைகள் இறுகி, இசிவு நோய் கண்டுவிட்டதோ என்று அவர் அஞ்சும்படி ஆயிற்று. கையை நீரில் இட்டபோதெல்லாம் வலி மிகுந்தது. ஒன்பது நாள் சென்ற பின்னரே துன்பம் முற்றும் நீங்கியது என்று அவர் எழுதி வைத்தார். நீலகிரிக் காஞ்சொறிக்கு இட்ட தாவரவியற் பெயர்களுள் ஒன்று இவர் பெயரையே தாங்கியுள்ளது.

சாதாரணக் காஞ்சொறி பட்டால் இத்தகைய தீங்கு நேர்வதில்லை. ஆயினும் முதலுதவி முறை தெரிந்திருத்தல் நன்று. பட்ட இடத்தைத் தேய்க்கவோ சொறியவோ கூடாது. தேய்த்தால் முறிந்த சுணைகள் மேலும் உள்ளே செல்லும். ஒட்டும் நாடாவை மெல்ல அழுத்தி எடுத்தால் சுணைகள் அதனுடன் வந்துவிடும். பின்னர் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த துணியை இடலாம். முகம் வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், உடல் முழுதும் தடிப்பு எழுந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

உணவாகப் பயன்படுதல்

கொதிநீரில் சில நிமிடம் இட்டாலோ, நன்கு உலர்த்தினாலோ, கல்லில் அரைத்தாலோ இமயமலைக் காஞ்சொறியின் சுணை செயலற்றுப் போகிறது. இவ்வுண்மையை மலைவாழ் மக்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். உத்தராகண்டில் கட்வால் பகுதியினர் இதனைக் கண்டாலி என்றும், குமாவுன் பகுதியினர் சிசூண் என்றும் அழைக்கின்றனர். நேபாளத்தில் சிஸ்னு என்று பெயர். இளவேனிற் காலத்தில் தளிர்க்கும் நுனி இலைகளை இடுக்கியாலோ, துணி சுற்றிய கையாலோ பறித்து, வேகவைத்துக் கடைந்து, தாளித்து, சோற்றுடனோ குதிரைவாலிச் சோற்றுடனோ உண்கின்றனர். நம் வீடுகளில் கீரை கடைவதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை. திபெத்தியத் துறவி மிலரேபா குகையில் தவம் புரிந்த காலத்தில் காஞ்சொறியையே உண்டு வாழ்ந்ததாகவும், அதனால் அவர் உடல் பச்சை நிறம் பெற்றதாகவும் மரபு வழிக் கதை உண்டு. ஐரோப்பாவிலும் வசந்த காலத்தில் காஞ்சொறி ரசம் காய்ச்சுதல் பழைய வழக்கம்.

பறிக்கும் பருவம் முக்கியமானது. பூக்கும் முன் உள்ள இளந்தளிரே உணவுக்கு ஏற்றது. முதிர்ந்த இலைகளில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய கட்டிகள் மிகுந்து, வாயில் நறநறவென்று படும்; பூத்த பின் இலையை உண்ணலாகாது என்னும் வழக்கு இதனையொட்டி எழுந்ததாகும்.

சத்துகளின் கணக்கு

அமெரிக்க விவசாய இலாகாவின் உணவு அட்டவணைப்படி, வெந்நீரில் இட்டு எடுத்த காஞ்சொறி இலை 100 கிராமில் நீர் ஏறத்தாழ 88 கிராம், புரதம் 2.7 கிராம், நார்ப் பொருள் 6.9 கிராம், கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்து 481 மில்லிகிராம், இரும்புச் சத்து 1.6 மில்லிகிராம். இரத்தம் உறைவதற்கு உதவும் ‘கே’ வைட்டமின் ஏறத்தாழ 500 மைக்ரோகிராம் உள்ளது. இது கொடுக்கும் வெப்ப ஆற்றல் 42 கலோரி மட்டுமே.

இவ்வெண்களைத் தனியே நோக்கினால் வியப்பாக இருக்கும். நமது கீரைகளுடன் ஒப்பிட்டு நோக்குதலே முறை. இதற்கு வேண்டிய அட்டவணை நம் நாட்டிலேயே உண்டு. அது பிறந்த இடமும் நீலகிரிக் காஞ்சொறி வளரும் மலையே. குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்கு இயக்குநராக இருந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றிய சிறு நூலை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நிலையம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் இயங்கி வருகிறது. அந்நூலும் பல பதிப்புகளாகத் திருத்தம் பெற்று வந்தது.

அந்நூலின் பிற்பதிப்பில், 100 கிராம் பச்சை இலைக்குரிய சுண்ணாம்புச் சத்து பின்வருமாறு காணப்படுகிறது: அகத்திக் கீரையில் 1130 மில்லிகிராம், முருங்கைக் கீரையில் 440, இளம் தண்டுக்கீரையில் 397. கேழ்வரகு எனப்படும் ராகியில் 344. ஒரு கணக்கு வெந்த இலைக்கும் மற்றவை பச்சை இலைக்கும் தானியத்துக்கும் உரியவை ஆதலின் நுணுக்கமாக ஒப்பிட இயலாது. நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இவை மாறுபடுதலும் இயல்பு. ஆயினும் பொதுவான உண்மை தெளிவாகவே உள்ளது. காஞ்சொறி நல்ல கீரை. ஆனால் முருங்கையையும் அகத்தியையும் பின்னுக்குத் தள்ளும் அதிசயக் கீரை அன்று.

இரும்புச் சத்தைப் பற்றியே தவறான எண்ணம் மிகுதி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து உணவில் இருத்தல் வேண்டும். வெந்த காஞ்சொறி 100 கிராம் உண்டால் இதில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கே கிடைக்கும். அதிலும் கீரைகளில் உள்ள இரும்பை உடல் சிறு பகுதியே ஏற்றுக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தில் அவ்வாறன்று. நாள் ஒன்றுக்கு வேண்டிய 1000 மில்லிகிராமில் பாதியளவு அதே 100 கிராம் கீரையில் அமைந்துள்ளது. எனவே, காஞ்சொறி எலும்புக்கு நல்லது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. இரத்தசோகையை அதுவே போக்கும் என்பதில் உண்மை இல்லை.

பொட்டலத்தின் மேல் காணும் பெரிய எண்களுக்கும் ஒரு விளக்கம் உண்டு. அவை உலர்ந்த தூளுக்கு உரியவை. 100 கிராம் வெந்த இலையில் நீர் நீங்கலாக எஞ்சும் பொருள் 12 கிராம் அளவே. 481 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் அந்த 12 கிராமிலேயே அடங்கும். ஒரு கோப்பைத் தேநீருக்கு இடுவது 2 கிராம் தூள் என்று கொண்டால், அதில் இருப்பது ஏறத்தாழ 80 மில்லிகிராம் மட்டுமே. அதிலும் நீரில் கரைந்து இறங்குவது ஒரு பகுதியே; மீதி வடிகட்டியில் தங்கிவிடும். கீரையாகக் கடைந்து உண்பதற்கும் சாயமாக இறக்கிக் குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டே ஆசிரியர் செய்விக்கலாம்.

மருந்தாகப் பயன்படுதல்

காஞ்சொறிக் கட்டையால் மூட்டுகளில் அடித்து வாத வலியைத் தணிக்கும் வழக்கம் ரோமானியர் காலத்திலிருந்தே உண்டு. இது வெறும் நம்பிக்கையா என்பதை இங்கிலாந்து மருத்துவர்கள் சோதித்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், கட்டைவிரலின் அடி மூட்டில் வலி உடைய 27 பேர் கலந்துகொண்டனர். ஒரு வாரம் நாள்தோறும் காஞ்சொறி இலையையும், மற்றொரு வாரம் சுணையற்ற, தோற்றத்தில் ஒத்த வேறோர் இலையையும் அவர்கள் வலி உள்ள இடத்தில் வைத்துக்கொண்டனர். காஞ்சொறி வைத்தபோது வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் சுணையின் எரிச்சலை உடல் உணராதிருக்க முடியாது ஆதலின், எது உண்மை இலை என்பதை நோயாளிகள் ஊகித்திருக்கக்கூடும். ஆய்வும் சிறியது. ஆகவே முடிந்த முடிவாக இதனைக் கொள்ளலாகாது.

ஜெர்மனியில் மூலிகைகளை ஆராய்ந்த அரசாங்கக் குழு, காஞ்சொறி இலையை வாத வலிக்குத் துணை மருந்தாகவும், சிறுநீர் பெருக்கியாகவும் ஏற்றுக்கொண்டது. அதன் வேரை, முதிய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்குவதால் தொடக்க நிலையில் ஏற்படும் சிறுநீர்த் தடைக்கு உரிய மருந்தாக அனுமதித்தது. ஆனால் வேர் அத்தொல்லையைத் தணிக்குமேயன்றி வீக்கத்தைக் குறைக்காது என்றும் அக்குழு குறிப்பிட்டது. இக்குறிப்பு மிகவும் கருதத்தக்கது. அதே அறிகுறிகள் புற்றுநோயிலும் தோன்றலாம் ஆதலின், முதியவர் முதலில் மருத்துவரிடம் காட்டாமல் வேர்க் கஷாயத்தால் காலம் கடத்துதல் ஆபத்தாகும்.

நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் காஞ்சொறி நல்லது என்பதற்கான சான்றுகள் சிறிய ஆய்வுகளின் அளவிலேயே உள்ளன. இந்நோய்களுக்கு மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதனைக் குடிப்பது தகாது. ‘கே’ வைட்டமின் மிகுந்திருப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்களுக்கு இக்கீரையின் அளவு திடீரெனக் கூடினால் மருந்தின் வேலை கெடும். கருவுற்ற பெண்களும், சிறுநீரக நோய் உடையவர்களும் மருத்துவரைக் கேளாது இதன் தூளையோ கஷாயத்தையோ உட்கொள்ளுதல் கூடாது.

வேலிக் காஞ்சொறியின் நிலை என்ன? அதன் வேர் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாக இடம் பெற்றுள்ளது. கேரளத்து வைத்தியர்கள் ‘துராலபா’ என்னும் சரக்காக இதன் வேரையே எடுத்தாள்கின்றனர். பிற இடங்களில் அதே பெயரால் குறிக்கப்படும் செடி முற்றிலும் வேறு. ஒரே பெயரில் இரு சரக்குகள் வழங்குவதற்கு இதுவும் ஓர் உதாரணம். வீக்கத்தைத் தணிக்கும் குணமும் புண்ணை ஆற்றும் குணமும் இவ்வேரில் உண்டென்று எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. இவை மனிதரிடம் செய்து முடித்த சோதனைகள் ஆகமாட்டா. பயிற்சி பெற்ற வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு. கீரையென்று எண்ணிச் சட்டியில் இடும் இலை வேறு.

நாரும் நிறமும்

உணவும் மருந்தும் அல்லாத பயன்களும் இச்செடிக்கு உண்டு. நீலகிரியில் தோடர்கள் கிரார்டினியாவின் தண்டை நீரில் வேகவைத்துச் சுணையைப் போக்கி, பட்டையிலிருந்து நூல் எடுத்தனர். நேபாளத்தில் அதே செடி ‘அல்லோ’ என்னும் பெயரால் வழங்கி, அதன் நாரால் இன்றும் துணி நெய்யப்படுகிறது. முதல் உலகப் போரில் பஞ்சு கிடைக்காத ஜெர்மனி, காஞ்சொறி நாரால் துணி நெய்தது. இலைகளின் பச்சை நிறப் பொருளான குளோரோபில்லைத் தூய்மையாகப் பிரித்து ஆராய்ந்து 1915ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற வில்ஷ்டேட்டர், அதற்கு உலர்ந்த காஞ்சொறி இலைகளையே பெரிதும் பயன்படுத்தினார்.

ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், வீடுதோறும் சென்று கூற வேண்டியவை சிலவே. உத்தராகண்டிலோ சிக்கிமிலோ வாழும் தாய்க்கு அவள் வீட்டுப் பின்புறக் காஞ்சொறி விலையில்லாத நல்ல கீரை. அதனை அவள் கைவிடாதிருக்கும்படி ஊக்குவித்தல் வேண்டும். ஒக்கலிபுரத்திலோ ஓசூரிலோ வாழும் தாய்க்கு அதே இடத்தில் நிற்பது முருங்கை. கன்னடத்தில் நுக்கெ சொப்பு எனப்படும் அதன் இலை, அவள் எட்டிப் பறிக்கும் தூரத்திலேயே உள்ளது. பெங்களூர், கோலார் பகுதிக் கிராமங்களில் மழைக்குப் பின் வயல் ஓரங்களில் பறிக்கும் ‘பெரகெ சொப்பு’ என்னும் கலவைக் கீரையும் இவ்வாறே. பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, தண்டுக்கீரை முதலிய பலவும் அதில் சேரும். பெயர் தெரிந்த பாட்டிமார் இருக்கும் வரையில் அது கிடைக்கும். அவர்களுக்குப் பின் அடையாளம் காட்ட ஆளில்லாமல் போனால், உண்ணத்தக்கதும் தகாததும் பிரித்தறியப்படாது போய்விடும். மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, கீரைகளின் தமிழ்ப் பெயரையும் கன்னடப் பெயரையும் எழுதி, இலையை உலர்த்தி ஒட்டி வருமாறு செய்வது ஆசிரியர் எளிதில் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

இரத்தசோகை உடைய பெண்ணிடம், விலை கொடுத்துப் பொட்டலம் வாங்குமாறு கூறுவதைக் காட்டிலும், இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு அரசாங்கம் இலவசமாக வழங்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை ஒழுங்காக உண்ணுமாறு கூறுதலே நன்று. மாத்திரையையோ கீரையையோ உண்ட உடனே தேநீரும் காப்பியும் பருகினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்து உண்டால் அது கூடும். செலவில்லாத இச்சிறு மாற்றம், காஞ்சொறித் தேநீரைவிட மிகுந்த பயன் தரும்.

இனி, வேலியில் கிடக்கும் காஞ்சொறியை என் செய்வது? குழந்தைகள் விளையாடும் இடத்திலும் பள்ளி முற்றத்திலும் இருப்பின், கையுறை அணிந்து வேருடன் களைந்துவிடலாம். மற்ற இடங்களில் அதனை விட்டுவைப்பதால் தீங்கு இல்லை. மனிதர் தொட அஞ்சும் அந்த இலையில்தான் அரியாட்னி இனத்து வண்ணத்துப் பூச்சிகள் முட்டையிடுகின்றன. அவற்றின் புழுக்கள் சுணைக்கு அஞ்சாமல் அவ்விலையைத் தின்று வளர்கின்றன. ஆசிரியர் மாணவர்களை அழைத்துச் சென்று, இரண்டு முழ தூரத்தில் நிறுத்தி, கொடியையும் காயையும் புழுவையும் காட்டலாம். எந்தச் செடியையும் பெயரால் மட்டும் அறிந்ததாக எண்ணாமல், இலையும் பூவும் காயும் கண்டு அறிய வேண்டும் என்னும் பாடத்தை அக்கொடி அவர்களுக்குக் கற்பிக்கும்.